ஊரறியா உலகறிவு

பெரு நாட்டின் தலைநகர் யாது எனக் கேட்டால், லிமா என்று நொடியில் விடை பகரும் மாணவர் நம் பள்ளிகளில் ஏராளம். அந்நாட்டு மலைச்சாரலின் மரம் நீலகிரியின் நடுவட்டத்தில் வேரூன்றியது ஏன் எனக் கேட்டால் வாய் திறப்பார் அரியர். தேர்வறைக்குள் வினாவாக நுழைந்து விடையாக வெளியேறும் செய்திகளுக்கே இன்று பொது அறிவு என்று பெயர். இந்நிலை கவலைக்குரியது.

உதகைக்கு வடமேற்கே, பீடபூமியின் விளிம்பில் அமைந்த சிறு பேரூராட்சி சோலூர். அதன் சரிவுகளில் விளையும் தேயிலைக்குத் தாயகம் சீனமும் அதன் அண்டை மலைகளும். உருளைக்கிழங்குக்கு ஆந்திசு மலைத்தொடர். கற்பூர மரத்துக்கும் சீகைக்கும் ஆத்திரேலியா. உலகப் படத்தின் மூன்று கண்டங்கள் ஓர் ஊரின் மண்ணிலேயே கிடக்கின்றன. அவற்றைப் படிக்கக் கற்பிப்பார்தாம் இல்லை.

சோலூரை அடுத்த நடுவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். முறைக்காய்ச்சல் உயிர்களை வாரிக்கொண்டிருந்த காலத்தில் அதற்குக் கைகண்ட மருந்து சின்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைத்த கொயினா. 1860-61ஆம் ஆண்டுகளில், ஆங்கிலேய அதிகாரி கிளெமென்ட்சு மார்க்கம் முன்னின்று நடத்திய முயற்சியால், அம்மரத்தின் விதைகளும் நாற்றுகளும் தென்னமெரிக்காவிலிருந்து நீலகிரிக்கு வந்தன. உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்கைவர் அவற்றைத் தழைக்கச் செய்தார். மரத்தை வெட்டிச் சாய்க்காமல், பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடி, மீண்டும் பட்டை வளரச் செய்யும் முறையைக் கண்டவரும் அவரே. காட்டைத் திருத்தும் பணியில் சீனக் கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டனர். மருத்துவம், பேரரசின் ஆசை, சிறைப்பட்டோரின் வியர்வை ஆகிய மூன்றும் ஒரு மரத்தின் வரலாற்றில் பின்னிக் கிடக்கின்றன. இதை அறிந்த மாணவனுக்குப் பெரு வெறும் பெயராக இராது.

இவ்வறிவு இல்லாமையின் விலையை நீலகிரி ஏற்கெனவே கொடுத்துவிட்டது. சோலைக்காடும் புல்வெளியும் இணைந்து மழைநீரைத் தேக்கி, ஓடைகளாக மாயாற்றுக்கும் பவானிக்கும் அனுப்புவது இம்மலையின் இயல்பு. மரமில்லா நிலமெல்லாம் பாழ்நிலம் என்று கருதிய ஆட்சியாளர் அப்புல்வெளிகளில் அயல்மரங்களை நட்டனர். 1840களில் விறகுக்காகத் தொடங்கியது, விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கை இழைக்கான கூழுக்காகவும் பெருகியது. இன்று சீகையை அகற்றப் பொதுப்பணம் செலவாகிறது. உருளைக்கிழங்கோடும் ஒரு பகை வந்து சேர்ந்தது. அதன் வேரை உண்ணும் நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. குண்டூசித் தலையளவே உள்ள அதன் பொன்னிறக் கூடுகள், பயிரே இல்லாவிடினும் மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். புழுவுக்கும் தாயகம் ஆந்திசே. ஆத்திரேலிய மரத்தை அறிந்தவர்கள் நீலகிரிப் புல்லை அறியாதிருந்ததே புல்வெளித் துயரின் வேர்.

மரங்களைப் போலவே மாந்தரும் பெயர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாத்திரி உடன்பாடு முடிவு செய்தது. தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கென 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ நிறுவனமாயிற்று. கண்டியும் நுவரெலியாவும் நீலகிரிப் பிள்ளைகள் பலருக்குப் பாட்டி பிறந்த ஊர்கள். பாடநூலோ அவற்றைத் தீவொன்றின் நகரங்களாக மட்டுமே காட்டுகிறது.

இனி, வந்தவரைப் பற்றி மட்டுமன்றி இங்கேயே இருந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோத்தர்களின் ஏழு ஊர்களுள் ஒன்று சோலூர்க் கோக்கால். கொல்லர், தச்சர், இசைவாணர் என ஆடவரும், மட்பாண்டம் வனைவோராகப் பெண்டிரும், மலைச் சமூகங்கள் அனைத்துக்கும் பணிபுரிந்த மக்கள் அவர்கள். 1930களில் அமெரிக்க அறிஞர் எமனோ இம்மலைக்கு வந்து கோத்தர் மொழியை ஆராய்ந்தார். அவரும் மொழியறிஞர் பர்ரோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் அம்மொழிக்கும் இடமுண்டு. அழிவின் விளிம்பில் நிற்கும் மொழிகளுள் ஒன்றாக யுனெசுகோ அதனைக் குறித்துள்ளது. கடல்கடந்து வந்தவர் கற்ற மொழியை, ஒரே வகுப்பில் கோத்தர் பிள்ளையோடு அமரும் நம் பிள்ளை பெயரளவிலும் அறியாதிருப்பது நமக்குப் பெருமையன்று.

போட்டித் தேர்வுகள் பெயரையும் ஆண்டையும்தானே கேட்கின்றன என்பார் உளர். உண்மையே, பெயரும் ஆண்டும் இன்றி வரலாறு நில்லாது. ஆயினும் காரணத்தோடு கற்ற ஆண்டே தேர்வு முடிந்த பின்னும் நெஞ்சில் தங்கும். ஆகவே, மாவட்டந்தோறும் அம்மண்ணின் பயிர், நீர், மக்கள், மொழி ஆகியவற்றை உலகோடு இணைத்துக் காட்டும் துணைப்பாடநூல் ஒன்றைக் கல்வித்துறை உருவாக்க வேண்டும். உள்ளூர் ஆசிரியரும், மலையின் முதுகுடிப் பெரியோரும், தோட்டத் தொழிலாளரும் அப்பணியில் பங்கேற்க வேண்டும். தேர்வாணையமும் தன் வினாக்களில் எது, எப்போது என்பவற்றோடு ஏன் என்பதற்கும் இடமளிக்க வேண்டும். புல்வெளியைப் பாழ்நிலமென எழுதிய கை படித்தவர் கையே. அதே பிழையை எழுதும் அடுத்த தலைமுறை அதிகாரிகளை நம் வகுப்பறைகள் உருவாக்கலாகாது.