சாவி யார் கையில்?



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் மேலகரத்து வீடுகளில் விருந்தாளிகளுக்குக் குறைவிராது. அப்படி ஒரு வீட்டைச் சற்று மனத்தில் நினைத்துப் பாருங்கள். மளிகைக் கணக்கு நோட்டு ஒன்று; மருமகள்மார் இருவர். ‘மீதி நூறு ரூபாய்’ என்பதை இருவருமே பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறார்கள். மூத்தவள் முப்பது செலவழித்து, ‘மீதி எழுபது’ என்று எழுதுகிறாள். இளையவள் இருபது செலவழித்து, அதைக் கவனியாமல் அடித்து, ‘எண்பது’ என்று எழுதுகிறாள். அஞ்சறைப் பெட்டியில் இருப்பதோ ஐம்பது! யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் சண்டை நிச்சயம்.

கம்ப்யூட்டருக்கும் இதே சங்கடம் உண்டு. அதற்குள் பல வேலைகள் மாறி மாறி நடக்கின்றன. எதற்கு எப்போது முறை என்று தீர்மானிப்பது ‘ஷெட்யூலர்’ என்ற பகுதி. இரண்டு வேலைகள் நினைவகத்தில் ஒரே இடத்தில் கை வைத்தால் கணக்குக் குழம்பிவிடும். இதற்கு ‘ரேஸ் கண்டிஷன்’ என்று பெயர். பரிகாரம், நோட்டைப் பூட்டி ஒரே ஒரு சாவி வைப்பதுதான். சாவி உள்ளவரே எழுதலாம்.

பூட்டினாலும் ஒரு வம்பு வருகிறது. சாவி இளையவளிடம் இருக்கிறது. மாமியாருக்கு அவசரமாக நோட்டு வேண்டும். அதற்குள் விருந்தாளிகள், “காப்பி கொண்டு வாம்மா, துண்டு எடுத்து வாம்மா” என்று அவளை விரட்டுகிறார்கள். மறுக்க முடியுமா? கடைசியில் திட்டு வாங்குவது அவள்தான்.

1997 ஜூலை 4-ந் தேதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அமெரிக்காவின் ‘பாத்ஃபைண்டர்’ கலத்தில் இதே கதை நடந்தது. வானிலை விவரம் சேகரிக்கும் சிறு வேலையிடம் சாவி. அவசர வேலை அதற்காகக் காத்திருந்தது. நடுத்தர வேலைகள் குறுக்கே புகுந்தன. அவசர வேலை முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு, கம்ப்யூட்டரையே முதலிலிருந்து தொடங்க வைத்தது. அன்றைய மீதிக் காரியங்கள் மறுநாளுக்குத் தள்ளிப் போயின. இப்படிப் பல முறை! பூமியிலிருந்த என்ஜினீயர்கள் அதே மாதிரி யந்திரத்தில் அந்தப் பிழையை வரவழைத்துப் பார்த்து, திருத்தத்தை விண்வெளி வழியே அனுப்பினார்கள்.

என்ன திருத்தம் தெரியுமா? சாவி வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் அந்தஸ்தைத் தற்காலிகமாகக் கொடுப்பது! இம்முறையை விளக்கி 1990-ல் கட்டுரை எழுதிய மூவரில் ஒருவர் ராஜ்குமார்; நம் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி.

ஆகவே, மாமியார்மார்களே, சின்னவள் தாமதித்தால் கோபிக்காதீர்கள். “முதலில் அவள் என் காரியத்தை முடிக்கட்டும், காப்பி பிறகு” என்று விருந்தாளிகளிடம் நீங்களே சொல்லுங்கள். சாவி தானாக உங்கள் கைக்கு வந்து சேரும்.