கருப்பொருள் இல்லாத நெய்தல்

சென்ற மாதம் மதுரையில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்பில் இளங்கவிஞர் ஒருவர் தனுஷ்கோடியைப் பற்றித் தாம் எழுதிய ஒன்பது கவிதைகளை வாசித்தார். ஒன்பதிலும் இடிந்த தேவாலயம் வந்தது. ஏழில் மணலில் புதைந்த தண்டவாளம் வந்தது. ஐந்தில் கடல் அழுதது. கவிஞரைத் தவிர வேறு மனிதர் எவரும் ஒன்றிலும் வரவில்லை. கைதட்டல் பலமாகவே இருந்தது. தேநீர் இடைவேளையில் அவரிடம், "அங்கே எத்தனை நாள் தங்கினீர்கள்?" என்று கேட்டேன். "காலையில் போய் மாலையில் திரும்பிவிட்டோம். தங்குவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?" என்றார்.

இக்கட்டுரை அந்தப் பதிலுக்கு என் எதிர்வினை. அவர் ஒருவரைக் குறிவைத்து எழுதப்பட்டதன்று. நம் சிற்றிதழ்களிலும் பயணக் கட்டுரைகளிலும் இராமேஸ்வரம் தீவு எழுதப்பட்டுவரும் முறைக்கே அந்தப் பதில் ஒரு சுருக்கம் என்று கருதுகிறேன். இக்குற்றச்சாட்டிலிருந்து எனக்கும் விலக்கு இல்லை. 2003-ல் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது நானும் ஒரு பகற்பொழுதில் அங்கே போய் வந்து, தேவாலயத்தின் இடிந்த சுவரைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். அது ஒரு சிற்றிதழில் அச்சாகவும் செய்தது.

என் பிறப்பிடம் குமாரலிங்கபுரம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காடு. 1985-ல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை எங்கள் வானம் பார்த்த பூமியும் இந்தத் தீவும் ஒரே இராமநாதபுரம் மாவட்டமாகவே இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளாக இராமேஸ்வரத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். பாலத்தைக் கடந்து போய்த் தமிழ் கற்பித்துவிட்டு மாலையில் திரும்புகிறேன். இங்கே குடியேறிய பிறகு, கருவாடு விற்கும் பக்கத்து வீட்டு அம்மாளிடம் அந்தப் பழைய கவிதையை ஒருநாள் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு டீச்சர். அந்தச் சர்ச்சுக்குப் பின்னாடிதான் எங்க அத்தை வீடு இருந்துச்சு. அதைக் காணோமே?" இருபது ஆண்டு இலக்கிய வாசிப்பில் இதைவிடக் கூர்மையான விமர்சனம் எதையும் நான் எதிர்கொண்டதில்லை.

தொல்காப்பியம் திணையை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். நம் கவிஞர்கள் இத்தீவிலிருந்து எடுத்துக்கொள்வது இந்த இரங்கலை மட்டுமே. உணவு, மரம், பறவை, தொழில் என்று விரியும் கருப்பொருளை மணலிலேயே விட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். 'மூன்றில் உரிப்பொருளே சிறந்தது என்று தொல்காப்பியரே சொல்கிறாரே' என்று ஒருவர் மறுக்கக்கூடும். சிறந்தது என்றார், அதுவே போதும் என்று சொல்லவில்லை. சங்கத்து நெய்தல் பாடல்களில் தலைவி இரங்குவதற்கு முன்பே மீன் காய்கிறது. காயும் மீனைக் கவர வரும் பறவைகளைப் பெண்கள் ஓட்டுகிறார்கள். உமணர்களின் உப்பு வண்டிகள் புறப்படுகின்றன. அந்த வேலைகளுக்கு நடுவில் நிகழ்வதால்தான் அவளுடைய இரங்கலை நாம் நம்புகிறோம். வேலை இல்லாத இரங்கல் வெறும் விடுமுறைச் சோகம்.

அப்படி மணலில் விடப்பட்ட கருப்பொருள்கள் சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் தண்ணீர்.

எங்கள் கரிசலில் கம்மாய் வற்றினால் கிணற்றைத் தூர்வாருவோம். கிணறும் வற்றினால் இன்னும் ஆழத்துக்குப் போவோம். ஆழத்தில் நீர் இருக்கும் என்பது எங்களுக்கு ஏறத்தாழ ஒரு மத நம்பிக்கை. தீவில் கணக்கு தலைகீழ். பெய்த மழை மணலுக்கடியில் இறங்கி, கனமான கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. சில அடிகள் தோண்டினால் குடிக்கத் தக்க நீர் ஊறும். பேராசைப்பட்டு ஆழத்தில் குழாயை இறக்கி உறிஞ்சினால் கீழேயுள்ள உப்பு மேலேறிவிடும். ஒருவர் செய்த பிழைக்குப் பக்கத்து வீட்டுக் கிணறும் கரிக்கத் தொடங்கும். தனுஷ்கோடி மணலில் கடலுக்கு மிக அருகே குழி தோண்டி, ஊறுகிற நீரைப் பெண்கள் பொறுமையாக மொண்டு குடத்தில் நிரப்புகிறார்கள். எவ்வளவு எடுக்கலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற அறிவு அந்தக் கைகளில் இருக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்துவிட்ட பிறகும் அது வராத நாள்களில் ஊர் நம்பியிருப்பது இந்த அறிவைத்தான். கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தங்களைப் பாடிய மரபு நமக்கு உண்டு. இந்த மணற்குழி எந்தக் கவிதையிலும் என் கண்ணில் பட்டதில்லை.

அடுத்தது நாள்காட்டி. இராமேஸ்வரத்தின் வாரம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குவதில்லை. திங்கள், புதன், சனி ஆகிய நாள்கள் விசைப்படகுகளுக்கு, மற்றவை நாட்டுப்படகுகளுக்கு. மீன்துறையிடம் அனுமதி டோக்கன் பெற்ற பிறகே விசைப்படகு கடலுக்குள் போக முடியும். காற்று எச்சரிக்கை வந்தால் டோக்கன் கிடையாது. டோக்கன் இல்லாத நாளில் ஐஸ் உடைப்பவருக்கும் கூடை சுமப்பவருக்கும் வேலை இல்லை. மளிகைக்கடைக் கடன் நோட்டில் ஒரு பக்கம் கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். கல்லூரிச் சேர்க்கை நடப்பதும் அந்த நாள்களில்தான். பணம் கட்டக் கடைசி நாள் எது என்று தகப்பன்மார் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை மேசைக்குப் பின்னால் அமர்ந்து கேட்கிறேன். ஜூன் 15-ஐத் தாண்டியதாக அந்தத் தேதி இருந்தால் அவர்கள் முகம் தெளிகிறது.

கடலில் நேர்வதும் நம் படைப்பாளிகள் எழுதுகிற அளவுக்கு எளியதன்று. இலங்கைக் கடற்படையால் படகு பிடிபடுவதும், மீனவர்கள் மறுகரையில் சிறைப்படுவதும், படகு திரும்பி வராமலே போவதும் உண்மை. ஒருமுறை வகுப்பில் நெய்தல் திணையை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்லாமலே எழுந்து போனான். அவன் தந்தை சென்ற படகு பிடிபட்டிருந்தது. மூன்று வாரம் அவன் வரவில்லை. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கடலடியை அரித்து வாரும் இழுவைமடியால் வலையையும் மீன்வளத்தையும் இழந்து நிற்கும் யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவனும் தமிழன்தான். இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தபோது அதைக் கேட்டுப் போராடியவர்களில் அவனும் இருந்தான். தீவுக்குள்ளேயே விசைப்படகுக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் இதே வழக்கு உண்டு. தேநீர்க்கடையில் இதைப் பற்றி உடன்பிறந்தவர்களே முகம் திருப்பிக்கொள்கிறார்கள். ஒரு நாவலுக்கான முரண் இங்கே தெருவில் கிடக்கிறது. வந்துபோகிறவர்களுக்கோ கண்ணீர் வேண்டும், இல்லையேல் முழக்கம் வேண்டும்.

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து வருகிறார்கள். 1986-ல் மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவுகளுக்கு அருகே இப்பெண்கள் அன்றுமுதல் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். பவளப்பாறைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைக் காக்கும் பேச்சில் இந்தப் பெண்களின் அறிவுக்கு இடம் உண்டா என்பதே கேள்வி. அந்தக் கேள்வியை எழுப்பவாவது யாரேனும் அவர்களோடு ஒருநாள் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இனிப் பாலத்துக்கு வருகிறேன். 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அப்போது வந்த கட்டுரைகளை எண்ணி மாளாது. நூற்றாண்டுப் பாலம், இரும்புக் கவிதை, கடைசிப் பெருமூச்சு என்றெல்லாம் எழுதினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்படும்வரை இரண்டேகால் ஆண்டுகளுக்கு மேல் இத்தீவுக்கு ரயிலே இல்லை. மதுரை மருத்துவமனைக்குப் போகும் முதியவரும், தேர்வுக்குப் போகும் மாணவியும் மண்டபத்துக்கோ இராமநாதபுரத்துக்கோ போய்த்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது. 1988-ல் சாலைப் பாலம் வந்திருக்காவிட்டால் எங்கள் நிலை என்ன என்று அந்நாள்களில் ஊரார் அடிக்கடி பேசிக்கொண்டோம். பெருமூச்சு விட்டவர்களில் ஒருவரும் மண்டபம் நிலையத்தில் விடியற்காலை இறங்கி மூட்டையோடு நின்ற ஒரு மூதாட்டியைப் பற்றி எழுதவில்லை.

'இதெல்லாம் செய்தித்தாளின் வேலை, கவிதையின் வேலை அன்று' என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். ஏனெனில் 'யாருமே இல்லை' என்ற வாக்கியம் இத்தீவில் வெறும் கவித்துவ மிகையாக நிற்பதில்லை. அதற்கு அரசாணையின் வலு உண்டு.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோனது, ஊரும் அழிந்தது. சிதைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே 46 நாள்களில் சீரமைத்துவிட்டது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் அதனாலேயே புகழ்பெற்றார். தனுஷ்கோடியோ மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவிக்கப்பட்டது. மீனவர்கள் அதை ஏற்கவில்லை. கடல் அங்கே இருந்ததால் அவர்களும் திரும்பினார்கள். கம்பிப்பாட்டிலும் பாளையத்திலும் ஓலைக்குடிசை போட்டார்கள். சாலையும் மின்சாரமும் கேட்டபோதெல்லாம் அவர்களுக்குக் கிடைத்த விடை, அது வாழத் தகுதியற்ற இடம் என்பதே. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அங்கே வாழ்பவருக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக வராத சாலை, சுற்றிப் பார்க்க வருபவருக்காக வந்தது. இதில் இலக்கியத்துக்குப் பங்கில்லை என்று எவ்வாறு சொல்வது? ஓர் இடத்தை நாற்பது ஆண்டுகளாகச் 'சிதிலம்' என்றும் 'பேய் நகரம்' என்றும் எழுதிவந்தால், அங்கே அடுப்பெரிக்கிற பெண் காட்சியைக் கெடுப்பவளாகத்தான் தெரிவாள். குடிசையைத் தவிர்த்துத் தேவாலயத்தைப் படமெடுக்கும் கோணத்தைச் சுற்றுலாக்காரருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான்.

'விளிம்பு', 'முனை', 'நிலத்தின் முடிவு' என்ற படிமங்களும் இப்படித்தான். சென்னை எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் இறங்கி மீண்டும் ரயிலில் கொழும்புக்குப் போன காலத்தில் இது முடிவாக இருக்கவில்லை, வழியாக இருந்தது. எங்கள் வறண்ட மாவட்டத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்காகக் காத்துக் கிடந்து இவ்வழியே கடந்தார்கள். 1980-களில் போர் வந்து கப்பல் நின்றது. அந்த முகாமே அகதிகளின் முகாமானது. 2022-ல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது கைக்குழந்தைகளோடு படகில் வந்தவர்கள் அரிச்சல்முனை மணல்திட்டுகளில் இறங்கினார்கள். உங்களுக்கு நிலம் முடிகிற இடத்தில் அவர்களுக்கு நிலம் தொடங்கியது.

வெளியூர்க்காரர் எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே வெளியூர்தான். கரிசல் இன்று தமிழ் இலக்கியத்தில் ஒரு நிலமாக நிற்கிறதென்றால், கி. ராஜநாராயணன் அதன் வறட்சிக்காக உருகியதோடு நின்றுவிடாமல், அதன் சொற்களைத் தேடித் தொகுத்து 1982-ல் ஓர் அகராதியே போட்டார் என்பதும் அதற்குக் காரணம். ஒரு களைக்கும் ஒரு மாட்டு நோய்க்கும் அங்கே பெயர் இருந்ததை அவர் காட்டினார். தென்கோடிக் கடற்கரைக்குத் தோப்பில் முஹம்மது மீரானும் ஜோ டி குருஸும் அதைச் செய்தார்கள். இத்தீவின் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பாசிக்கும் உள்ள பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு வாரம் தங்கினால் போதும், தொடங்கிவிடலாம். ஆடி அமாவாசைக்கு மறுநாள் வந்தால் இன்னும் நல்லது. அக்னி தீர்த்தக் கரையில் பக்தர்கள் பாவத்தோடு சேர்த்து விட்டுப்போன ஈரத்துணிகளைத் துப்புரவுப் பணியாளர்கள் வாரி இழுப்பதைக் காணலாம்.

மதுரையில் கவிதை வாசித்த அந்த நண்பருக்கு எங்கள் வீட்டில் இடம் உண்டு. சனிக்கிழமை மாலைக்குள் வந்துவிடட்டும். ஞாயிறு விடியலில் படகுகள் கரைக்குத் திரும்பும்போது துறைமுகத்துக்கு அழைத்துப் போகிறேன். பிறகு பக்கத்து வீட்டு அம்மாளிடம் கூட்டிப்போகிறேன். அவருடைய அத்தை வீட்டில் எத்தனை அறை இருந்தது, வாசல் எந்தத் திசை பார்த்திருந்தது, புயலுக்கு முந்தின நாள் அங்கே என்ன சமைத்தார்கள் என்பதையெல்லாம், தன் தாய் சொல்லிச் சொல்லிக் கேட்டபடி, அவர் சொல்வார். அதன் பிறகு பத்தாவது கவிதையை அவர் எழுதட்டும்.