உலகை அறிவோம்: யானையால் பிழைக்கும் ஊர்



சென்ற மாதம் எங்கள் தோட்டத்து மறுநடவுப் பகுதியில் யானைக் கூட்டம் புகுந்து, செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. மறுநாள் வகுப்பில் அதே பேச்சுதான். “யானையால் எப்போதும் நட்டம்தானா ஐயா? ஆதாயமே கிடையாதா?” என்று ஒரு மாணவன் கேட்டான். சுவரில் தொங்கும் உலகப் படத்தில், ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். யானையாலேயே பிழைக்கும் ஊர் அது. பெயர் கசானே.

போட்ஸ்வானா நாட்டின் வடகிழக்கு மூலையில், சோபே ஆற்றின் தென்கரையில் இருக்கிறது கசானே. எதிர்க்கரை நமீபியா. சற்றுக் கிழக்கே, சோபே ஆறு சாம்பெசி ஆற்றில் கலக்கும் இடத்தில், சாம்பியாவும் சிம்பாப்வேயும் வந்து சேர்ந்துகொள்கின்றன. முன்பெல்லாம் லாரிகள் மிதவைப் படகில் ஏற நாள்கணக்கில் காத்துக்கிடக்கும். 2021-ஆம் ஆண்டு 923 மீட்டர் நீளமுள்ள கசுங்குலா பாலம் திறக்கப்பட்டு அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஊர் சிறியது, மக்கள் பத்தாயிரம் பேர் அளவில்தான். ஆனால் ஊரை ஒட்டிய சோபே தேசியப் பூங்காவோ நம் சிலாங்கூர் மாநிலத்தைவிடப் பெரியது! போட்ஸ்வானாவில் ஏறக்குறைய 130,000 யானைகள் உள்ளன. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. மே முதல் அக்டோபர் வரை வறட்சிக் காலம். காட்டுக் குட்டைகள் வற்றியதும், யானைகள் கூட்டங்கூட்டமாக ஆற்றுக்கு இறங்கும். மாலையில் படகில் போனால், அவை துதிக்கையை உயர்த்திக்கொண்டு நீந்தி, நடு ஆற்றில் இருக்கும் செடுடு தீவுக்குப் புல் மேயப் போவதைப் பார்க்கலாம். அந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்று போட்ஸ்வானாவும் நமீபியாவும் வழக்காடின. போட்ஸ்வானாவுக்கே என்று 1999-இல் அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யானைக்கு அந்தத் தீர்ப்பைப் பற்றி என்ன கவலை!

இந்தக் காட்சியைக் காண வருபவர்கள் தங்க இடம் வேண்டுமே? கூடாரம் அடிக்கும் திடல் உண்டு. ஊருக்குள் சிறிய விருந்தினர் இல்லங்கள் உண்டு. ஆற்றைப் பார்த்தபடி பெரிய விடுதிகள் உண்டு. பெரிய விடுதிகள் சிலவற்றில் ஓர் இரவுக் கட்டணம், நம் வீட்டு ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஆங்கில நடிகை எலிசபெத் டெய்லரும் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனும் இரண்டாம் முறையாக மாலை மாற்றிக்கொண்டது கசானேக்கு அருகில்தான், 1975-ஆம் ஆண்டு.

அதே 1975-ஆம் ஆண்டைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பூங்காவுக்குள் செரொண்டெலா என்றொரு குடியிருப்பு இருந்தது. மர வேலையை நம்பி வாழ்ந்த மக்கள். பூங்கா அமைந்த பிறகு அவர்கள் சிறிது சிறிதாக வெளியேற்றப்பட்டார்கள். 1975-இல் பூங்காவுக்குள் ஒரு குடும்பமும் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தைக் காலி செய்துவிட்டு வந்த நம்மவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியேறியவர்கள் போகட்டும். பூங்காவின் ஓரத்தில் பயிர் செய்பவர்கள் நிலை என்ன? பகலெல்லாம் பாடுபட்டு விளைவித்த சோளத்தை ஒரே இரவில் யானை தின்றுவிடும். அதற்கு அவர்கள் கண்ட மருந்து என்ன தெரியுமா, தாய்மார்களே? நம் அடுப்படி மிளகாய்தான்! மிளகாய்த் தூளை யானைச் சாணத்தில் பிசைந்து, கட்டியாகக் காயவைத்து, வயலோரத்தில் மூட்டுகிறார்கள். அந்தக் காரப் புகை யானைக்கு ஆகாது.

ஆனால் புகை மட்டும் வயிற்றை நிரப்புமா? அங்குள்ள ஐந்து சிற்றூர் மக்கள் 1990-களில் ஒன்றுகூடிப் பொது அறக்கட்டளை ஒன்றை நிறுவினார்கள். ஒரு விடுதி நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, இங்கோமா என்னும் இடத்தில் 2011-இல் ஒரு விடுதி திறக்கப்பட்டது. அதன் வருமானத்தில் ஒரு பங்கு அறக்கட்டளைக்குப் போகிறது. சோளத்தைத் தின்ற யானை, விருந்தினரையும் அழைத்து வருகிறது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூங்காவுக்குள் இருக்கும் சோபே கேம் லாட்ஜ் விடுதியில், காட்டுக்குள் வண்டி ஓட்டுவதும் ஆற்றில் படகு செலுத்துவதும் விலங்குகளைப் பற்றி விளக்குவதும் பெண் வழிகாட்டிகள்தாம். தேர்வெழுதி உரிமம் பெற்றவர்கள். “பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை?” என்று கேட்பவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் அந்தப் பெண்கள் வண்டியை ஓட்டிக் காட்டியே பதில் சொல்லிவிட்டார்கள்.

எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன். 2020-இல் கொள்ளைநோய் வந்து விமானங்கள் நின்றபோது, படுக்கைகள் காலியாயின; வேலையாட்கள் கைகளும் காலியாயின. ஒரே தொழிலை நம்பிய ஊரின் பாடு அதுதான். ரப்பர் விலை விழுந்த காலத்தை நாம் மறந்துவிட்டோமா?

என் மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “யானையால் ஆதாயமும் உண்டு, தம்பி. ஆனால் நட்டப்படுகிறவனுக்கும் அதில் பங்கு கிடைக்க வேண்டும். அந்தப் பங்கு தானாக வராது. ஐந்து ஊர் சேர்ந்து கேட்டதுபோல் கேட்டால்தான் வரும்.”

அவன் சற்று யோசித்துவிட்டு, “நம்ம தோட்டத்திலும் மிளகாய்ப் புகை போட்டுப் பார்க்கலாமா ஐயா?” என்றான். பெரட்டில் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.