மலட்டெலி என்று எழுதினால் போதாது

2003இல் அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே சுண்டெலியின் சிடிகே2 மரபணுவை நீக்கிப் பார்த்தன. செல் பிரிவுக்கு அதுவே அச்சாணி என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். அது இல்லாமல் கரு தங்காது என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். குட்டிகளோ பிறந்தன, வளர்ந்தன, ஓடியாடின. ஆணும் பெண்ணும் மலடு என்பது மட்டுமே பெருங்குறை. மற்றச் செல்களெல்லாம் வேறு கைனேஸ்களை வைத்துச் சமாளித்துக்கொள்ள, விந்தகத்தில் குன்றல் பகுப்பு பாக்கிடீன் கட்டத்தோடு நின்றுபோனது. அமெரிக்கக் குழுவை நடத்திய பிலிப் கால்டிஸ் பின்னர் சிங்கப்பூர் வந்து, பயோபோலிஸில் பல ஆண்டுகள் இந்த மரபணுவோடு மல்லுக்கட்டினார். 2017இல் அவரும் பங்குகொண்ட ஆய்வு ஒன்று விடையின் ஒரு பகுதியைத் தந்தது: ஸ்பீடி ஏ என்ற புரதம் சிடிகே2வுடன் சேர்ந்து குரோமோசோம் நுனிகளை உட்கரு உறையில் பற்றவைக்கிறது. நுனி பற்றாவிட்டால் குரோமோசோம் தன் இணையைச் சரியாகக் கண்டுபிடிப்பதில்லை.

நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் இந்த அளவுக்கு இறங்கிப் பார்ப்பவை குறைவு. மரபணுவை நீக்கினோம், ஆண் எலி மலடானது, எனவே இம்மரபணு ஆண்மலட்டுக்குக் காரணம் என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி பிறகு மருத்துவமனைக்குப் போகிறது. நோயாளியின் மரபணுக்களைப் படித்த எக்சோம் அறிக்கையில் மரபணுவின் பெயருக்கு எதிரே “எலியில் மலடு” என்று அச்சாகிறது. அதைக் கையில் வைத்திருக்கும் மருத்துவருக்குத் தெரியவேண்டியது வேறு: விந்தகத்தைத் திறந்து நுண்ணோக்கியில் விந்தணு தேடும் மைக்ரோ-டீசி செய்தால் ஏதாவது கிடைக்குமா, கிடைக்காதா?

டெக்ஸ்11 நீக்கிய எலியில் குன்றல் பகுப்பு பாதியில் நிற்கிறது. 2015இல் விந்தணுவே இல்லாத ஆண்கள் சிலரிடம் அதே மரபணுவில் பிழை காணப்பட்டது. அவர்களின் திசுவிலும் பகுப்பு அதே போல நின்றிருந்தது. இங்கே கத்தி எடுக்குமுன் தம்பதியிடம் நிறையப் பேசவேண்டும். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் மரபணு என்பதால், தப்பித்தவறி விந்தணு கிடைத்தாலும் பிழை மகளுக்குப் போய்ப் பேரனிடம் தலைகாட்டலாம். இசுமோ1 நீக்கிய எலியின் கதை வேறு. ஒசாகா குழு 2005இல் வெளியிட்டது. விந்தணு ஏராளம், வடிவம் சரி, நீச்சலும் சரி. முட்டையோடு இணைய மட்டும் முடியாது. ஊசியால் உள்ளே செலுத்தியதும் கரு வளர்ந்தது. கேட்ஸ்பர்1 இல்லாத விந்தணு நீந்தும், ஆனால் முட்டையை நெருங்கும் நேரத்தில் வேண்டிய சாட்டைவீச்சு வராது. மூன்றுக்கும் “மலடு” என்றே பெயர் வைத்தால் சிகிச்சை அறையில் யாருக்கு என்ன பயன்?

மறுபக்கமும் உண்டு. விந்தகத்தில் தூக்கலாக வெளிப்படும் மரபணுவெல்லாம் இன்றியமையாதது என்று நம்புகிறவர்கள், மசாஹிதோ இக்காவா குழுவின் 2016 கட்டுரையை மேசை மேல் வைத்திருப்பது நல்லது. அப்படிப்பட்ட 54 மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். ஆண் எலிகள் வழக்கம்போல் குட்டி போட வைத்தன. எதிர்மறை முடிவை இத்தனை துணிவாக அச்சேற்றியவர்கள் நம் துறையில் அதிகமில்லை.

விந்தணு உருவாக்கம் நின்ற கட்டத்தைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் அரிய வித்தையல்ல. சுண்டெலியில் அந்த உருவாக்கத்தின் முதல் அலை ஏறத்தாழ ஒரே சீராக நகரும்: பிறந்து 14ஆம் நாள் வாக்கில் பாக்கிடீன் செல்கள், 20ஆம் நாள் வாக்கில் உருண்டை ஸ்பெர்மாட்டிட்டுகள், 35ஆம் நாள் வாக்கில் விந்தணு. இந்த நாள்களில் எடுத்த சீவல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே கதை புரிந்துவிடும். ஆனால் விந்தகத்தைப் பூயின் கரைசலில் போடவேண்டும். விரல் மஞ்சளாகும், பிக்ரிக் அமிலத்தைக் கழுவிக் கழுவி அலுத்துப்போகும் என்பதற்காக ஃபார்மலினில் போட்டு அனுப்புகிறார்கள். உட்கரு சுருங்கி, குழலுக்கும் குழலுக்கும் நடுவே வெடித்த படங்கள் வருகின்றன. அவற்றைப் பார்த்து எந்த நடுவரும் கட்டம் சொல்லமுடியாது.

எலியை நம்புவதற்கும் எல்லை உண்டு. மனித ஒய் குரோமோசோமின் ஏஇசட்எஃப்சி பகுதியில் உள்ள டிஏஇசட் மரபணு, எலியின் ஒய்யில் கிடையவே கிடையாது. அதன் உறவான டாஸ்எல் 17ஆம் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. பிஎல்சி-சீட்டா இல்லாத ஆண் எலி கொஞ்சமாவது குட்டி தரும். அதே பிழையுள்ள மனிதருக்கோ, விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி செய்தும் முட்டை விழிக்காது. 1997இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இ.எல். யோங் குழு, ஆன்ட்ரோஜன் ஏற்பி மரபணுவில் சி-ஏ-ஜி எழுத்துத்தொடர் 28 அல்லது அதற்கு மேல் திரும்ப வரும் ஆண்களுக்கு விந்தணு உற்பத்தி குறையும் அபாயம் நான்கு மடங்குக்கு மேல் கூடுவதாகச் சொன்னது. பிற நாடுகளில் முடிவுகள் கலவையாகவே வந்தன. சாதாரண எலியிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. அதன் ஏற்பியில் அத்தனை நீளத் தொடர் இல்லை. ஆனால் செர்டோலி செல்லில் மட்டும் அந்த ஏற்பியை நீக்கினால் குன்றல் பகுப்பு முடிவதில்லை என்பதை எலிதான் 2004இல் காட்டியது.

சிங்கப்பூருக்கு இதில் தனிக் கடமை உண்டென்று நினைக்கிறேன். இலங்கைத் தமிழரான பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னத்தின் குழு 1983இல் நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை இங்கே பிறக்கவைத்தது. 1988இல் அவருடைய துறை, விந்தணுக்களை முட்டையின் உறைக்கு அடியில் செலுத்திக் கரு தரித்ததை லான்செட்டில் அறிவித்தது. 1992இல் பிரஸ்ஸல்ஸில் இக்ஸி வந்ததும் அந்த முறை ஓரங்கட்டப்பட்டது. காரணம் தெரியாமலே தடையைத் தாண்டலாம் என்றானபின் காரணம் தேடும் அவசரம் குறைந்துவிட்டது. ஏஇசட்எஃப்சி இழந்த தகப்பனுக்கு இக்ஸி வழி பிறக்கும் மகனும் அதை இழந்தே பிறப்பான். இதை முன்கூட்டியே சொல்லாத ஆலோசனை, ஆலோசனையே அல்ல.

நான் குடியிருக்கும் பொங்கோல், வீவக வீட்டுச் சாவி வாங்கிய கையோடு குடிவந்த இளந்தம்பதிகள் நிறைந்த இடம். நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 2023இல் 0.97க்கு இறங்கியபின்னும் இங்கே மின்தூக்கியில் தள்ளுவண்டிக்கு இடம்விட்டு ஒதுங்கத்தான் வேண்டியிருக்கிறது. அதனாலேயே குழந்தை இல்லாத வீடு பளிச்சென்று தெரிகிறது. “விசேஷம் ஏதும் உண்டா?” என்ற விசாரிப்பு இன்னும் மருமகளிடம்தான் வருகிறது. மகனின் விந்துப் பரிசோதனையைக் கடைசியில் வைக்கும் பழக்கம் குடும்பங்களோடு நின்றுவிடவில்லை. நம் கிளினிக்குகளிலும் இருக்கிறது.

அடுத்த இதழ் முதல், மரபணு நீக்கிய ஆண் எலியைப் பற்றிய கட்டுரைகளில் சில விவரங்களைக் கட்டாயமாக்குகிறோம். எலி எந்த இனம் என்று சொல்லவேண்டும்: பிஆர்டிஎம்9 மரபணு இல்லாத சி57பிஎல்/6 ஆண் மலடு, ஆனால் வேறோர் இனத்தில் விந்தணு உருவானதைப் பிராக் குழு 2019இல் காட்டிவிட்டது. எத்தனை ஆண்களை எத்தனை பெண்களோடு எத்தனை மாதம் விட்டீர்கள், இணைசேர்ந்ததைக் காட்டும் பிளக் கண்டீர்களா என்பதும் வேண்டும். இணையே சேராத எலிக்கும் விந்தணு இல்லாத எலிக்கும் ஒரே பட்டம் கூடாது. பூயினில் பதப்படுத்திய சீவல்கள் குறைந்தது இரண்டு வயதில் வேண்டும். நோயாளி அறிக்கை அனுப்புவோர், திசு எடுத்திருந்தால் அதன் படத்தையும் சேர்க்கவேண்டும். கட்டம் சொல்லாத கட்டுரை நடுவர்களிடம் போகாமலே திரும்பி வரும்.