சின்னப் படகு, சின்னத் தலை... ஹெல்மெட் தேவையா?

கோடை விடுமுறை என்றால் நீச்சல், கராத்தே, கீபோர்டு என்றிருந்த பட்டியலில், சென்னையில் பாய்மரப் படகுப் பயிற்சியும் சேர்ந்துவிட்டது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், பாய்மரப் படகுப் போட்டியில் இந்தியா சார்பில் களமிறங்கிய முதல் பெண், சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன். அவரும் பள்ளி நாள்களில் ஒரு கோடை முகாம் வழியாகத்தான் இந்த விளையாட்டுக்குள் வந்தார்.

முகாமில் பெயர் கொடுக்கும்போது அம்மாக்கள் மறக்காமல் கேட்பது, "லைஃப் ஜாக்கெட் உண்டுதானே?" அடுத்து, "சாப்பாடு நாங்க கொடுத்து அனுப்பணுமா?" தலையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. தண்ணீர்தானே, விழுந்தால் நனையும், அவ்வளவுதானே என்ற நினைப்பு.

ஆனால், பாய்மரப் படகில் தலையில் அடிபட தண்ணீரில் விழ வேண்டியதில்லை. படகே அடிக்கும்.

குழந்தைகள் முதலில் ஏறும் படகு பெரும்பாலும் 'ஆப்டிமிஸ்ட்'. 1947-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காகவே வடிவமைத்தது. கூர்மூக்கு இல்லாமல், முன்பக்கம் வெட்டிவிட்ட தொட்டி மாதிரி இருக்கும். நீளம் 2.3 மீட்டர். வெறும் படகின் எடை 35 கிலோ. இதன் பாயை விரித்து வைக்க, அடி ஓரத்தில் ஏறக்குறைய 2 மீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய் உண்டு. ஒரு முனை பாய்மரத்தில் சேர்ந்திருக்கும். மறுமுனை, கீலில் தொங்கும் கதவு மாதிரி இரண்டு பக்கமும் ஆடும். இதன் பெயர் 'பூம்'. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலை உயரத்தில்தான் இது போய் வரும்.

காற்றுக்கு எதிராகப் படகைத் திருப்பும்போது பிரச்னை குறைவு. பாய் படபடவென்று அடித்துக்கொண்டு பக்கம் மாறும். பூம் நகரும் தூரமும் சிறியது. குனிய நேரம் கிடைக்கும்.

முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று வரும்போதுதான் ஆபத்து. அப்போது பாய் ஒரு பக்கமாக நன்றாக வெளியே விரிந்திருக்கும். சுக்கானைக் கொஞ்சம் தவறாகத் தள்ளினாலோ, காற்று லேசாகத் திசை மாறினாலோ போதும். பாயின் மறுபுறம் காற்று புகுந்து, பூம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே வீச்சில் வரும். இப்படிப் பாய் பக்கம் மாறுவதற்கு 'ஜைப்' என்று பெயர். தெரிந்து செய்தால் அழகான திருப்பம். தெரியாமல் நடந்தால் காதுக்கு மேலே 'டங்'.

புதிதாகப் படகேறிய எட்டு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் சுக்கான் கம்பு, மறு கையில் பாய்க்கயிறு. சுக்கான் கம்பை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகிறது. கரையிலிருந்து கோச் ஏதோ கத்துகிறார். இத்தனைக்கும் நடுவில் தலையைப் பற்றி யோசிக்க அந்தத் தலைக்கு நேரமே இல்லை.

பிரிட்டனில் பல பயிற்சிப் பள்ளிகள், புதிதாகக் கற்கும் சிறுவர்களுக்கு ஹெல்மெட் மாட்டித்தான் படகில் ஏற்றுகின்றன. ஆனால், ஆப்டிமிஸ்ட் பந்தய விதிகள் கட்டாயமாக்குவது லைஃப் ஜாக்கெட்டையும் அதில் கட்டிய விசிலையும்தான், ஹெல்மெட்டை அல்ல. பெரியவர்களின் 'செயில் ஜிபி' பந்தயத்தில் எல்லோர் தலையிலும் ஹெல்மெட் இருக்கிறதே என்று கேட்கலாம். அவை தண்ணீருக்கு மேலே எழும்பி, மணிக்கு 90 கிலோமீட்டரையும் தாண்டிப் பறப்பவை. ஆப்டிமிஸ்ட்டோடு அதை ஒப்பிடுவது, டவுன் பஸ்ஸோடு ராக்கெட்டை ஒப்பிடுவது மாதிரி.

வேண்டாம் என்று சொல்லும் பயிற்சியாளர்களிடமும் காரணம் இருக்கிறது. ஹெல்மெட் போட்டால் தலை பெரிதாகிறது. வெறும் தலையென்றால் மயிரிழையில் தப்பியிருக்கும் அடி, ஹெல்மெட்டில் விழும். காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் காதும் கன்னமும்தான் சொல்லும், அதை மூடிவிட்டால் பிள்ளை எப்படிக் கற்றுக்கொள்ளும்? மே மாதச் சென்னை வெயிலில் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் தலை வேகும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, "அதான் ஹெல்மெட் இருக்கே" என்று குனியும் பழக்கமே வராமல் போய்விடும்.

வெயிலுக்கும் காதுக்கும் வழி இருக்கிறது. தண்ணீர் விளையாட்டுக்கான ஹெல்மெட்டில் காற்றுத் துளைகள் உண்டு, காதை அடைக்காத வகையும் கிடைக்கிறது. தலை பெரிதாகிறது என்பது உண்மைதான். ஆனால், ஹெல்மெட்டில் உரசிப் போகும் பத்து அடிகளைவிட, பொட்டில் நேராக விழும் ஒரு அடி மோசம். கடைசிக் காரணத்துக்குத்தான் எளிதில் பதில் இல்லை. குனிவது உடம்பில் ஊற வேண்டிய பழக்கம், அதை எந்த ஹெல்மெட்டும் கற்றுத்தராது. அதற்காக, அந்தப் பழக்கம் வரும்வரை எட்டு வயதுத் தலையில் அடி வாங்கித்தான் கற்க வேண்டும் என்பது நியாயமில்லை.

ஆகவே, கற்கும் காலத்தில் ஹெல்மெட் வேண்டும். எப்போது கழற்றலாம் என்பதற்கு வயது கணக்கில்லை. கோச் "தலை!" என்று கத்தாமலே, ஓரளவு வேகக் காற்றில், ஒவ்வொரு ஜைப்பிலும் பிள்ளை தானாகக் குனிகிறதா? அப்போது பேசலாம். பன்னிரண்டு வயதில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு வேண்டும். மூன்று வருடமாக ஓட்டும் பத்து வயதுக்காரிக்குத் தேவைப்படாமலும் போகலாம். பலத்த காற்று வீசும் நாளிலும், ஒரே படகில் இரண்டு பேர் நெருக்கியடித்து உட்காரும்போதும் அவளும் போட்டுக்கொள்வது நல்லது.

(பிள்ளையை ஸ்கூட்டரில் ஹெல்மெட் இல்லாமல் முகாமுக்குக் கூட்டி வந்துவிட்டு, படகில் ஹெல்மெட் உண்டா என்று கேட்கும் அப்பாக்கள் கவனிக்க: நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சாலையில் ஹெல்மெட் சட்டப்படியே கட்டாயம்.)

அந்த ஸ்கூட்டர் ஹெல்மெட்டைப் படகுக்குக் கொண்டுவரக் கூடாது. கனம் அதிகம், தண்ணீர் புகுந்தால் இன்னும் கனக்கும், காதையும் மூடிவிடும். சைக்கிள் ஹெல்மெட்டும் சரிவராது. பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது ஒரே ஒரு பெரிய அடிக்கு நசுங்கும் தெர்மாகோல் வகை. துடுப்புப் படகு, தண்ணீர் விளையாட்டுகளுக்கான ஹெல்மெட்டில் 'இ.என். 1385' என்ற தர எண் இருக்கும். அதைப் பார்த்து வாங்கலாம்.

அளவு சரியாக இருக்க வேண்டும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம், தாடைப் பட்டையில் ஒரு விரல் நுழையும் இடம். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. உச்சிக் கொண்டை, குதிரைவால் வேண்டாம், தாழ்வாகப் பின்னிய ஜடைதான் தோது. முகாமில் ஒரே ஹெல்மெட்டைப் பத்துப் பேர் போடுவதால் பேன் வருமே என்ற கவலைக்கு, மெல்லிய துணிக் குல்லாய் ஒன்றை உள்ளே போடலாம். தடித்த தொப்பி கூடாது, ஹெல்மெட் உட்காராது.

பலரும் யோசிக்காத இடம் ஒன்று உண்டு, கரை. பாயைக் கரையிலேயே கட்டி நிமிர்த்துவார்கள். பிள்ளைகள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கும்போது காற்று வந்து பூமை வீசும். ஹெல்மெட்டைப் பாய் கட்டும் முன்பே மாட்டி, பாயை இறக்கிய பிறகே கழற்ற வேண்டும்.

இன்னொன்று. ஹெல்மெட் மண்டை உடைவதையும் வெட்டுக்காயத்தையும் குறைக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுமையாகத் தடுக்காது. அடிபட்ட பிள்ளை "ஒண்ணும் இல்ல கோச்" என்றுதான் சொல்லும், படகை விட்டு இறங்க மனசு வராது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மந்தமான பார்வை, கேட்டதையே திரும்பக் கேட்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்குத் திரும்பப் படகேற்றக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு. கோச்சின் கண்ணில் படாமல் அடி விழுந்திருக்கலாம். அதனால் மாலையில் பிள்ளையை அழைத்து வரும்போது, "இன்னிக்கு பூம் யாரையாவது தட்டுச்சா?" என்று கேட்டுவையுங்கள். சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.