கூலி கேட்டால் தரம் கெடுமா?

அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் 'சார்ட்டர்' பள்ளிகளுக்கு 1991இல் முதன்முதலில் சட்டம் இயற்றியது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். நமக்கு இது புதிதல்ல. அரசு உதவிபெறும் பள்ளிகள் அதற்கும் முந்தியவை. மானியப் பணியிடத்தில் இருப்பவருக்கு அரசு ஊதிய விகிதம் கிடைக்கிறது. அதே வளாகத்தில், அதே பாடத்தை நடத்தும் சுயநிதிப் பிரிவு ஆசிரியருக்கோ நிர்வாகம் கொடுப்பதுதான் சம்பளம். தனியார் பள்ளி ஆசிரியர்கள் பணிக்கொடைக்குக்கூட நெடுங்காலம் காத்திருந்தார்கள். பணிக்கொடைச் சட்டத்தின்படி ஆசிரியர் 'பணியாளர்' அல்லர் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது; அதையும் எதிர்த்துத் தனியார் பள்ளிகள் வழக்காடி, 2022 ஆகஸ்டில்தான் தோற்றன.

சம்பளத்தை உயர்த்தினால் கட்டணம் ஏறும் என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் பணிக்கொடை ஆண்டுக்கு 15 நாள் சம்பளம்தான், அதுவும் பொதுவாக ஐந்தாண்டு பணி முடித்தவருக்கு. கட்டடத்துக்கு நிதி ஒதுக்கும் நிர்வாகம் இதற்கும் ஒதுக்கலாமே! பணிப் பாதுகாப்பு சோம்பலை வளர்க்கும் என்ற வாதமும் நிற்காது: கடமை தவறும் ஆசிரியர் மீது நடவடிக்கை எடுக்கக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவே இடம் தருகிறது. எனவே, பள்ளிகளின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போது, சம்பளம் வங்கியில் செலுத்தப்பட்ட சான்றையும் புதுச்சேரி கல்வித் துறை கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்.

- வாசகர், நோணாங்குப்பம்