சமுதாயக் கல்லூரியில் கணக்குப் பாடம் எங்கே?

'கம்யூனிட்டி' என்றதும் நம் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ்தான். அதே சொல் ஒரு கல்லூரியின் பெயரில் வந்ததும், அது யார் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1995இல் பாண்டிச்சேரி பல்கலைக்கழகம், 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் என்று இங்கே சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின. பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழக அங்கீகாரம், யுஜிசி திட்டம் எல்லாம் வந்தன. தொடங்கியவர்களின் நல்லெண்ணத்தை நாங்கள் சந்தேகிக்கவில்லை. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் தேடிப் போனவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? நர்சிங் உதவியாளர், டி.டி.பி., கேட்டரிங், ஏ.சி. மெக்கானிக், ஹவுஸ்கீப்பிங். (ஹவுஸ்கீப்பிங்! நம் அம்மாக்கள் சான்றிதழ் இல்லாமலே தலைமுறை தலைமுறையாகப் பார்க்கும் வேலை.)

ஏ.சி. மெக்கானிக் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். வாயுவை அழுத்தினால் ஏன் சூடாகிறது, விரியவிட்டால் ஏன் குளிர்கிறது? இது வெப்ப இயக்கவியல், இயற்பியலின் அடிப்படை. அந்தப் பெட்டிக்குள் ஒரு முழுப் பாடநூலே இருக்கிறது. அதைத் திறக்காமல் 'கேஸ் ஏற்று, பில்டர் கழுவு' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அந்தப் பையன் கடைசிவரை இன்னொருவர் வடிவமைத்த இயந்திரத்தைத் துடைப்பவனாகத்தான் இருப்பான்.

அமெரிக்காவில் இதே பெயருள்ள கல்லூரியில் இரண்டு ஆண்டு கால்குலஸ், இயற்பியல், வேதியியல் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர முடியும். கலிபோர்னியா 1960இல் இதை மாநிலத் திட்டமாகவே வகுத்தது. 1999இல் விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் எய்லின் காலின்ஸ் இப்படிப்பட்ட கல்லூரியில் கணக்கு படித்தவர். மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்ட்டரும் அந்த வழியில் வந்தவர்தான். அங்கேயும் சேர்பவர்களில் பெரும்பாலோர் பட்டம் வரை போய்ச் சேர்வதில்லை, அது வேறு சண்டை. ஆனால் போக ஒரு வழி இருக்கிறது. இங்கே பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சமுதாயக் கல்லூரியின் ஓராண்டு டிப்ளமோவுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

'ஏழைப் பிள்ளைக்கு உடனே வேலை வேண்டும், கால்குலஸ் எதற்கு?' என்று கேட்பார்கள். 1942இல் பாபாசாகேப் அம்பேத்கர் பிரிட்டிஷ் அரசிடம் கொடுத்த மனுவைப் படியுங்கள். அரசு அச்சகங்களிலும் ரயில்வேயிலும் தொழிற்பயிற்சி கேட்டார். அதே மனுவில், நம் மாணவர்கள் அறிவியலும் தொழில்நுட்பமும் உயர்படிப்பாகப் படிக்க, வெளிநாடு போயும் படிக்க, உதவித்தொகை கேட்டார். இரண்டையும் சேர்த்துக் கேட்டார். முதலாவதை மட்டும் பிய்த்துக் கொடுத்துவிட்டு 'திறன் மேம்பாடு' என்று பெயர் வைப்பவர்களுக்கு 1953ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றார் ராஜாஜி. அதை எதிர்த்து விரட்டிய மண் இது. ஒப்பீடு அதிகம் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அப்பன் தொழில் என்று இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, உண்மைதான். ஹவுஸ்கீப்பிங் வகுப்பில் போய் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் பாருங்கள்.

ஒவ்வொரு தொழிற்பாடத்துடனும் கணக்கும் அறிவியலும் வேண்டும். உண்மையான ஆய்வுக்கூடம் வேண்டும். அங்கே படித்ததைக் கணக்கில் எடுத்து பாலிடெக்னிக்கிலும் பி.எஸ்சி.யிலும் சேர்க்க அரசாணை வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு வேண்டும்.

மாணவத் தோழர்களே, இந்தக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். கடந்த ஐந்து ஆண்டில் சேர்ந்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எத்தனை பேர்? எந்தெந்தப் பாடத்தில்? அவர்களில் பட்டப்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர்? இந்த மூன்றையும் தனித்தனி வரியில் கேளுங்கள். 'அப்படி ஒரு பதிவேடு எங்களிடம் இல்லை' என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள், மேல்முறையீட்டுக்குத் தேவைப்படும்.